எம்பிஓ கேபிளில் 'க்ளிக்' சத்தத்தை நம்பாதீர்கள்

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன வாரம், பல ஒளியிழைகளை (ஃபைபர்) ஒரே முனையில் சேர்க்கும் எம்பிஓ கேபிளைச் செருகினான். 'க்ளிக்' என்று கேட்டதும் ஸ்விட்சுகள் அடுக்கிய அடுத்த ரேக்குக்கு நகர்ந்துவிட்டான். ஒரு காலத்தில் நானும் அந்தச் சத்தத்தை நம்பியவன்தான். ஃபைபரை மடக்காதே, மிதிக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

ஆணா பெண்ணா என்று பார்க்காமல் ஆர்டர் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். எம்பிஓ முனையில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், துளைகள் இருந்தால் பெண். உள்ளே 12 இழைகள் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. எதிர்முனை இழைகளுக்கு நேராக அவற்றை நிறுத்துவது 0.7 மி.மீ. தடிமனுள்ள அந்த ஊசிகள்தான். ஆனால் இரு முனைகளையும் எதிரெதிரே பிடித்துவைக்கும் அடாப்டருக்கு இதெல்லாம் தெரியாது; பெண்ணும் பெண்ணும் அதில் ஜோராகப் பூட்டிக்கொள்ளும். சில சமயம் லிங்க்கூட வந்துவிடும், பிழைகள் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

நாங்கள் இதில் மாட்டிக்கொண்டது வினாடிக்கு 10 கிகாபிட் (10 ஜி) வேகத்திலிருந்து 40 ஜிக்கு மாறியபோது. எம்பிஓவைத் தனித்தனி இழைகளாகப் பிரிக்கும் பழைய கேசட்டுகளுக்குள் ஊசி இருந்ததால், பேனலிலிருந்து பேனலுக்கு ஓடும் டிரங்க் கேபிள்கள் எல்லாமே பெண். கேசட்டைக் கழற்றிவிட்டு வெறும் அடாப்டர் பேனல் மாட்டினோம். டிரான்ஸீவரில் (ஒளியை அனுப்பி வாங்க ஸ்விட்சில் செருகும் கருவி) ஊசி இருக்கும், எனவே அதைப் பேனலோடு இணைக்கும் குட்டிக் கேபிளான பேட்ச் கார்டு இரு முனையும் பெண் என்று படித்த பாடப்படியே ஆர்டர் போட்டேன். பேனல் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு இரவு டிரான்ஸீவரை மாற்றினேன், ஸ்விட்சைத் திட்டினேன், முனைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால் இரு பக்கமும் ஊசியே இல்லை!

பிறகு ஒரு முனை ஆண், மறுமுனை பெண்ணாக வாங்கினோம். அதிலும் ஒருவர் ஆண் முனையை டிரான்ஸீவருக்குள் அழுத்திவிட்டார். ஊசியோடு ஊசி மோதி, டிரான்ஸீவர் போயே போச்சு. இப்போது ஆண் முனையில் 'பேனல்' என்று சீட்டு ஒட்டாமல் எந்தக் கார்டையும் ரேக் பக்கம் விடுவதில்லை. ஆர்டருக்கு முன்பே முழுப் பாதையையும் தாளில் வரைந்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஊசி எந்தப் பக்கம் என்று குறித்துவிடுங்கள்.

போலாரிட்டி: எந்த இழை எங்கே போய்ச் சேர்கிறது

எஸ்ஆர்4 என்ற 40 ஜி டிரான்ஸீவர் வகையில் 12 இழைகளில் எட்டுக்குத்தான் வேலை: 1 முதல் 4 வரை அனுப்ப, 9 முதல் 12 வரை வாங்க. நடு நான்கும் சும்மா கிடக்கும். ஆக, இந்தப் பக்கத்து 1 அந்தப் பக்கத்து 12-க்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டு டிரான்ஸீவரை நேரடியாக இணைக்க, இழை வரிசையைத் தலைகீழாக்கும் டைப் பி கார்டு எடுப்பது இதற்காகத்தான். 1-ஐ 1-க்கே கொண்டுபோகும் டைப் ஏ போட்டால் இரு பக்கமும் பேசும், கேட்க ஆளிருக்காது. நடுவில் பேனல் இருந்தால் ஒரு கார்டை மட்டும் பார்க்காமல் முனைக்கு முனை எண்ணுங்கள்.

"மூடி போட்டிருந்தது, சுத்தம்தான்"

இல்லை. ஒரே ஒரு தூசி போதும், 12 இழைகளையும் சேரவிடாமல் தள்ளி நிறுத்த. புதுக் கேபிளையும், முனையைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்துவிட்டே செருகுங்கள்.

சாய்முனையும் தட்டைமுனையும்

8 டிகிரி சாய்வுள்ள ஏபிசி முனையைத் தட்டை முனையோடு சேர்க்காதீர்கள்.

16 இழையை 12-க்குள் திணிப்பது

ஊசி அளவே வேறு. ஏறாது.