வீட்டில் இசை தயாரிக்கும் கணினி: மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாடல் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவே "படக்" என்று ஓர் ஒலி. மறுபடி ஓடவிட்டால் அதே இடம் சுத்தமாக இருக்கிறது. சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் சடசடக்கிறது. வீட்டில் இசை செய்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் இங்கே வந்து நிற்கிறார்கள். "கணினிக்கு வேகம் போதவில்லை, புதிது வாங்கியாக வேண்டும்" என்று உடனே முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

இசைக்கான கணினி நேரம் தவறக் கூடாது. வேகம் அதற்கு அடுத்த கேள்விதான். வீடியோ ஒன்றைக் கோப்பாக மாற்றும்போது கணினி இடையில் அரை விநாடி திணறினாலும் கோப்பு கெடாது. ஒலியில் அந்தச் சலுகை இல்லை. கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகத் தயாரித்து ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் கருவி) கொடுக்கிறது. அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். 44,100 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில், அதாவது விநாடிக்கு 44,100 ஒலி அளவீடுகள் (சாம்பிள்கள்) என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு துண்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 5.8 மில்லி விநாடி. எல்லா டிராக்குகள் (குரல், வாத்தியம் ஒவ்வொன்றுக்குமான தனி வரிசை), எல்லா பிளக்இன்கள் (இசை மென்பொருளில் சேர்க்கும் வாத்திய, ஒலி மாற்றும் துணைநிரல்கள்), எல்லா எதிரொலிகளின் கணக்கும் அதற்குள் முடிந்தாக வேண்டும். ஆயிரம் துண்டுகள் குறித்த நேரத்தில் வந்து ஒன்றே ஒன்று பிந்தினாலும் அது காதில் விழுந்துவிடும். சராசரி வேகம் மிக அதிகமுள்ள விலையுயர்ந்த கணினி சடசடப்பதும், பழைய கணினி ஒன்று ஒழுங்காக ஓடுவதும் இதனால்தான்.

ஆகவே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, "பிந்துவது எது?" என்பது. விடை மூன்று வகை. மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். இசைக் கணக்கே கனமாகி நேரத்துக்குள் முடியாமல் போகலாம். வேறு ஏதோ ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அல்லது வட்டிலிருந்து, முன்பே பதிவுசெய்த வாத்திய ஒலிகள் (இவற்றையும் சாம்பிள்கள் என்பார்கள்) வந்துசேரத் தாமதமாகலாம். பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. பஃபரை 1024-க்கு உயர்த்துங்கள். சடசடப்பு நின்று, இசை மென்பொருளின் சுமை அளவுமானியும் சட்டென இறங்கினால் கணக்கின் கனம்தான் காரணமாக இருக்கும். அளவுமானி தாழ்வாகவே இருக்க அவ்வப்போது "படக்" வந்துகொண்டிருந்தால் டிரைவரைச் சந்தேகியுங்கள். பெரிய பியானோ, வாத்தியக்குழு போன்ற சாம்பிள் தொகுப்புகள் முதல் முறை மட்டும் தடுமாறி இரண்டாம் முறை சுத்தமாக ஒலித்தால் வட்டைப் பாருங்கள்.

இந்தச் சோதனையில் பலர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஏமாறுகிறார்கள். "பிராசஸர் 20 சதவீதம்தான் வேலை செய்கிறது, பிறகு எப்படிச் சடசடக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த எண், பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றுக்குமான சராசரி. எட்டு கோர்களில் ஒன்று முழுதாக நிரம்பி மற்ற ஏழும் சும்மா இருந்தால் அங்கே தெரிவது 12.5 சதவீதம்தான். ஒரு டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளக்இன்கள் ஒன்றின் வெளியீட்டுக்காக அடுத்தது காத்திருக்கும்படி அமைந்தவை. பொதுவாக அந்த வரிசை முழுவதும் ஒரே கோரில்தான் ஓடும். ஒரு கனமான சின்தசைசரும் அதன் பின்னால் ஆறு பிளக்இன்களும் சேர்ந்து ஒரு கோரை அடைத்துவிட்டால், மீதி கோர்கள் உதவிக்கு வர முடியாது. எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில் கனமான பிளக்இன்களை அடுக்கி வைத்துக்கொண்டே இசையமைப்பதும் இதே வகைப் பிழை.

அதனால் புதிய பிராசஸர் தேர்ந்தெடுக்கும்போது கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். முதலில் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள், பிறகு எண்ணிக்கையை. இன்டெலின் 12ஆம் தலைமுறை முதல் வந்த பல பிராசஸர்களில் வேகமான கோர்கள், மின்சாரம் சேமிக்கும் கோர்கள் என இரு வகை கலந்திருக்கின்றன. விளம்பரத்தில் இரண்டையும் கூட்டித்தான் சொல்கிறார்கள். வேகமான கோர்கள் எத்தனை என்று தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் பிராசஸரை மாற்றாமலேயே பல சுமைகளை இறக்கிவிடலாம். பன்னிரண்டு டிராக்குகளில் பன்னிரண்டு ரிவெர்ப் (அறை எதிரொலி தரும் பிளக்இன்) போடுவதற்குப் பதிலாக ஒரே ரிவெர்ப்பை ஒரு தனி டிராக்கில் வைத்து எல்லாவற்றையும் அதற்கு அனுப்பினால் போதும். பாடலும் ஒரே அறையில் ஒலிப்பதுபோல் ஒன்றுபடும். வேலை முடிந்த கனமான டிராக்கை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது அதைத் தற்காலிகமாக ஒலிக் கோப்பாக மாற்றி அதன் பிளக்இன்களுக்கு ஓய்வு கொடுங்கள். ஏறக்குறைய எல்லா இசை மென்பொருளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் புதுக் கணினிக்குப் பணம் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பஃபரை ஒரே அளவில் வைத்து மறந்துவிடுவது இன்னொரு பரவலான தவறு. பாடும்போதும் வாசிக்கும்போதும் 64 அல்லது 128 வேண்டும். பதிவான டிராக்குகளைக் கலவை (மிக்ஸிங்) செய்யும்போது 512 அல்லது 1024 வைத்துக்கொள்ளலாம். அப்போது யாரும் நேரலையில் வாசிப்பதில்லை என்பதால் தாமதம் உறுத்தாது. எவ்வளவு தாமதம் தாங்கும் என்பதற்கு இயற்கையே ஓர் அளவுகோல் தருகிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வர ஏறக்குறைய 6 மில்லி விநாடி ஆகும். மேடையில் இதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆகவே எப்படியாவது 32 சாம்பிளுக்கு இறங்கிவிட வேண்டும் என்று கணினியைப் பிழிவது வீண். மைக்கில் பாடி ஹெட்போனில் கேட்கும்போது உள்ளே வரும் பஃபரும் வெளியே போகும் பஃபரும் சேர்வதால் தாமதம் இரட்டிப்பதற்கும் மேலாகும். பாடகருக்கு அது இடைஞ்சலாக இருந்தால் இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரிங்கை இயக்குங்கள். குரல் கணினிக்குள் சுற்றிவராமல் நேராகக் காதுக்கு வந்துவிடும்.

பஃபரைக் குறைத்தும் இசை விசைப்பலகையில் (கீபோர்டு) வாசிக்கும்போது தாமதம் போகவில்லை என்றால், பலர் கவனிக்காத ஓர் இடத்தைப் பாருங்கள். சில பிளக்இன்கள் தங்கள் வேலைக்காக ஒலியை முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கும். முன்நோக்கும் லிமிட்டர் (ஒலி உச்சம் எல்லை மீறாமல் தடுப்பது), லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் (ஒலியின் தொனியைச் சரிசெய்வதில் ஒரு வகை) ஆகியவை இந்த வகை. இவற்றில் ஒன்று மாஸ்டரில் இருந்தால் நீங்கள் வாசிப்பதும் அதைக் கடந்துதான் காதுக்கு வரும். எந்தப் பிராசஸரும் அந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது. பதிவு முடியும்வரை அந்த பிளக்இனை நிறுத்தி வைப்பதே வழி.

இனி டிரைவர். விண்டோஸில் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த, இசை மென்பொருளை இன்டர்ஃபேஸோடு குறைந்த தாமதத்தில் இணைக்கும் ஏஎஸ்ஐஓ (ASIO) முறைதான் இன்றும் நடைமுறை. நல்ல இன்டர்ஃபேஸ் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் உற்பத்தியாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவரை நிறுவாமல் பொதுவான மாற்று டிரைவரிலேயே ஓட்டுவது வாங்கிய பொருளை வீணாக்குவது. இன்டர்ஃபேஸ் இல்லாதவர்களுக்கு ஏஎஸ்ஐஓ4ஆல் (ASIO4ALL) என்ற பொதுவான மாற்று டிரைவர் நல்ல உதவி. இருப்பவர்களுக்கு அது தேவையில்லை. மேக்கில் ஆப்பிளின் ஒலி அமைப்பான கோர் ஆடியோ உள்ளேயே இருப்பதால் இந்தத் தேர்வு எழுவதில்லை.

ஆடியோ டிரைவர் சரியாக இருந்தும் சடசடப்பு வந்தால் பிற டிரைவர்களின் கை இருக்கலாம். வைஃபை, கிராபிக்ஸ், பேட்டரி போன்றவற்றின் டிரைவர்கள் தங்கள் அவசர வேலைக்காகப் பிராசஸரைச் சில நேரம் மற்ற எதற்கும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடி சில மில்லி விநாடி நீண்டாலே ஒரு பஃபர் தவறிவிடும். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு காட்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை மட்டும் தற்காலிகமாக முடக்கிச் சோதியுங்கள். வைஃபையை அணைத்தவுடன் பிரச்சினை தீர்ந்து, புதுக் கணினி எண்ணமே மறைந்துபோவது அபூர்வமில்லை.

மின்சாரச் சேமிப்பும் இதே குடும்பம். சேமிப்பு நிலையில் பிராசஸர் ஓய்வில் வேகத்தைக் குறைத்து, வேலை வந்ததும் ஏற்றுகிறது. அந்த ஏற்றத்துக்கும் நேரம் பிடிக்கும். பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றுங்கள், யூஎஸ்பி போர்ட்டுகளைத் தானாக உறங்கவைக்கும் அமைப்பை நிறுத்துங்கள், மடிக்கணினியைச் சார்ஜரில் செருகிவிட்டு வேலை செய்யுங்கள். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, கணினி நன்கு சூடான பிறகே தடுமாறத் தொடங்குகிறது என்றால் வெப்பம்தான் காரணமாக இருக்கும். விசிறியில் படிந்த தூசியை அகற்றிப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்காதீர்கள்.

ராம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான வேலைக்கு 16 ஜிபி போதும். வாத்தியக்குழு சாம்பிள் தொகுப்புகளை அடுக்குபவர்களுக்கு 32 அல்லது 64 தேவைப்படும். இருப்பதே நிரம்பாதபோது மேலும் சேர்த்தால் எதுவும் மாறாது. வாங்கினால் ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளாக வாங்குங்கள். ஆப்பிள் சிலிக்கன் மேக்குகளிலும் பல மெல்லிய மடிக்கணினிகளிலும் ராமைப் பின்னர் கூட்ட முடியாது என்பதால் அந்த முடிவை வாங்கும் நாளிலேயே எடுத்தாக வேண்டும்.

வட்டு விஷயத்தில் கணக்குப் போட்டுப் பார்க்காமல் செலவழிப்பவர்கள் அதிகம். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ டிராக் ஒன்றுக்கு விநாடிக்கு 0.144 எம்பி போதும். ஐம்பது டிராக்குகளுக்கு 7.2 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைத் தாங்கும். எஸ்எஸ்டி உண்மையில் தேவைப்படுவது சாம்பிள் தொகுப்புகளுக்கு. அவை வட்டின் பல மூலைகளிலிருந்து சிறு சிறு துண்டுகளை ஒரே நேரத்தில் கேட்கும். சுழலும் வட்டின் முள் அங்கேதான் பின்தங்குகிறது. விநாடிக்கு 550 எம்பி வரை தரும் சாட்டா (SATA) வகை எஸ்எஸ்டியே பெரும்பாலானோருக்குப் போதும். அதைவிடப் பல மடங்கு வேகமான என்விஎம்இ (NVMe) வகை எஸ்எஸ்டி வாங்கினால் தொகுப்புகள் விரைவில் திறக்கும். சடசடப்பு அதனால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாடல் கோப்புறையை மேகச் சேமிப்போடு இணைத்து வைத்து, பதிவு ஓடும்போதே அது பதிவேறிக்கொண்டிருக்கும்படி விடுவதும் தவறு. பதிவு முடிந்தபின் ஒத்திசைவை இயக்குங்கள்.

சாம்பிள் ரேட்டை 48,000-இலிருந்து 96,000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும், கோப்புகளும் இரட்டிப்பாகும். வீட்டு வேலைக்கு 48,000 ஹெர்ட்ஸும் 24 பிட்டும் தாராளம். விலையுயர்ந்த விளையாட்டு கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலான ஆடியோ பிளக்இன்களுக்கு எதையும் செய்யாது. அதன் விசிறிச் சத்தம் மைக்கில் விழும். ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு வாசிக்க முயலாதீர்கள், அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. இன்டர்ஃபேஸை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

பத்தாண்டுக்கு முந்தைய "வேகப்படுத்தும் குறிப்புகள்" இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பேஜ் ஃபைலை அணை, ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்து, ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய், முப்பது சேவைகளை முடக்கு என்று நீளும் பட்டியல்கள் அவை. ராம் போதாதபோது வட்டில் இடம் தருவது பேஜ் ஃபைல்; அதை அணைத்தால் ராம் நிரம்பும் நேரத்தில் இசை மென்பொருள் பாடலோடு சேர்ந்து மூடிக்கொள்ளலாம். ஒரே நாளில் பத்து மாற்றங்களைச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எப்போதும் தடுமாறும் அதே பாடலை ஓடவிட்டுப் பாருங்கள்.

பாதி முடிந்த வேலை கையில் இருக்கும்போது இயங்குதளத்தை மாற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2019-இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை அறவே நிறுத்தியதால், பலருடைய பழைய பிளக்இன்கள் ஒரே அப்டேட்டில் செயலிழந்தன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-க்கு நகர வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள். நகருங்கள், ஆனால் இன்டர்ஃபேஸின் டிரைவரும் முக்கிய பிளக்இன்களும் அதில் இயங்கும் என்று அவற்றின் உற்பத்தியாளர்கள் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்தபின் நகருங்கள். பழைய கணினியை அழிக்கும் முன் உரிமங்களை அதிலிருந்து விடுவித்துக்கொள்ளுங்கள். முடிக்காத ஒவ்வொரு பாடலையும் டிராக் டிராக்காக வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, வேகமும் சுருதியும் என்னவென்று ஒரு உரைக் கோப்பில் எழுதி அதே கோப்புறையில் போட்டு, வெளி வட்டு ஒன்றில் சேமியுங்கள். எந்த பிளக்இன் திறக்க மறுத்தாலும் அந்த வேவ் கோப்புகள் எந்த மென்பொருளிலும் திறக்கும்.