மிஷன் பாட்ச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து

ராவணா-1 நினைவிருக்கிறதா? யப்பானில் படித்த நம் நாட்டுப் பொறியியலாளர்கள் இருவர் செய்த அந்தச் சின்னச் செய்மதியை 2019 யூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து சுற்றுப்பாதையில் விட்டார்கள். அந்த நாட்களில் அங்கே இருந்த குழுவின் பெயர் எக்ஸ்பெடிஷன் 59. அந்தக் குழுவுக்கென்று ஒரு தையல் சின்னம், அதாவது மிஷன் பாட்ச், உண்டு. முதலில் அதை வாங்குங்கள். அரிய பொருள் இல்லைதான், ஆனால் நூலின் நெருக்கம், ஓரம், பின்பக்கம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துப் பழக ஒன்று கையில் வேண்டும். 1970களிலிருந்து நாசாவுக்குப் பாட்ச் செய்து கொடுக்கும் ஏ-பி எம்பிளம் நிறுவனத்தின் தயாரிப்பாகப் பார்த்து எடுத்தால் பிறகு வருகிறவற்றை அதோடு ஒப்பிடலாம்.

அடுத்தது, காசை எடுக்க முன்னம் வரலாற்றைப் படிப்பது. இதில்தான் புதியவர்கள் கூடுதலாக ஏமாறுகிறார்கள். "அசல் மெர்க்குரி பாட்ச், 1962" என்று யாராவது விற்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள், ஏனென்றால் நாசா முதன்முதலில் மனிதரை விண்ணுக்கு அனுப்பிய மெர்க்குரித் திட்டத்து வீரர்கள் தங்கள் பயணத்துக்கென்று பாட்ச் அணியவே இல்லை, அவையெல்லாம் பிறகு நினைவுப் பொருளாகச் செய்தவை. நாசாவில் அந்த வழக்கம் 1965 ஓகஸ்டில், விண்வெளி வீரர்கள் கூப்பரும் கொன்ராடும் பறந்த ஜெமினி 5 பயணத்தில்தான் தொடங்கியது. அந்தப் பாட்ச்சில் ஒரு கூடார வண்டிப் படம், அதில் "எட்டு நாள், இல்லையென்றால் தோல்வி" என்ற கருத்தில் ஒரு வாசகம். பயணம் இடையில் நின்றால் அவமானமாகிவிடும் என்று நாசாவின் தலைவர் வெப் யோசித்ததால், எட்டு நாள் முடியும்வரை அந்த எழுத்தைத் துணித்துண்டு வைத்து மறைத்திருந்தார்கள். எனக்கு இந்தச் சேகரிப்பில் ஆசை வந்ததே இந்தக் கதையால்தான்.

நிலவுக்கு ஆட்களை அனுப்பிய அப்பலோத் திட்டத்துப் பாட்ச்சுகளிலும் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1967 சனவரியில் அப்பலோ 1 தீ விபத்தில் மூன்று பேர் இறந்த பிறகு, விண்வெளி உடையில் தீப்பிடிக்காத கண்ணாடி இழைத் துணியில் அச்சிட்ட சின்னங்களைத் தைத்தார்கள். ஆகவே "ஆம்ஸ்ட்ரோங் நிலவில் உடையில் அணிந்த எம்பிராய்டரி பாட்ச்" என்று ஒன்று இருக்க முடியாது. அப்பலோ 11 சின்னத்தில் வீரர்களின் பெயரும் கிடையாது, பெயர் இருந்தால் அது அந்த வடிவமே இல்லை.

சரி, வாங்கும்போது என்ன கேட்பது? பின்பக்கப் படம், கட்டாயம். விற்பவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். பொருள் வந்ததும் இருட்டு அறையில், காசுத்தாள் சோதிக்கிற ஊதா ரோச் லைற்றை அடித்துப் பாருங்கள். புதுக்கால நூல் பல நேரம் நீலவெள்ளையாக மின்னும். மின்னினால் சந்தேகப்படலாம், முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் சலவைத்தூளில் கழுவிய பழைய பாட்ச்சும் மின்னும். "விண்ணில் பறந்தது" என்று சொன்னால் எழுத்துச் சான்று வேண்டும், வாய்ப்பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள்.

பாதுகாப்பதுதான் நமக்குப் பெரிய வேலை. வாடைக்காற்றும் மாரி மழையும் வருகிற மாதங்களில் அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும். ஒரு மாரியில், பி.வி.சி. உறைக்குள் இறுக்கி வைத்திருந்த இரண்டு பாட்ச்சில் எனக்குப் பூஞ்சணம் பிடித்தது, அந்தக் கறை இன்றும் போகவில்லை. அமிலமில்லாத கடதாசியில் சுற்றி, இறுக மூடும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், மழை விட்ட ஒரு நல்ல நாளில் திறந்து பாருங்கள். கழுவ வேண்டாம், அயர்ன் போட வேண்டாம், பசை வேண்டவே வேண்டாம். வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள், நிறம் போய்விடும்.

அப்புறம் ஒரு கொப்பி. எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று அன்றைக்கே எழுதுங்கள். விற்பவரின் கடிதத்தையும் தபால் உறையையும் எறியாமல் அதே பெட்டியில் தனி உறையில் போட்டு வையுங்கள், நாளைக்கு நீங்கள் அதைக் கைமாற்றும்போது வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.