கால் இழந்த ஜவானின் கட்டிலருகே: ஒரு பழைய ஆள் செய்ய வேண்டியவை

காயம்பட்டவரைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். கட்டிலில் கால் இருந்த இடம் காலியாகக் கிடக்கிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போன பத்தாம் நாள், ஊரிலிருந்து வந்த பெரியப்பா அப்படித்தான் உட்கார்ந்தார். எடுத்துவிட்ட பாதம் அங்கேயே இருப்பதாகத்தான் என் உடம்பு நம்பிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்ததும் விரல்கள் நசுங்கின. இரண்டு நாள் ரயிலில் வந்த மனிதரிடம் எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, காயம்பட்டவருடைய கண்மட்டத்துக்கு உட்காருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். ஜம்மு காஷ்மீரில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் கால் போனது. செயற்கைக் கால் புனேயில் உள்ள ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கிடைத்தது. 1944 முதல் நடக்கிற மையம் அது. அங்கே எனக்கு முன்னால் கால் இழந்த ஒரு கூர்க்கா ஹவில்தார், என் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சிய காலில் உறையைச் சுருக்கம் விழாமல் எப்படி மாட்டுவது என்று காட்டினார். அவருடைய இந்தியும் என்னுடைய இந்தியும் சேர்ந்தே அரைகுறை. ஆனால் அன்றைக்குத்தான் இந்தக் காலோடு வாழலாம் போலிருக்கிறது என்று முதன்முதலாகத் தோன்றியது. ஓய்வு பெற்று வேலூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பியபின், பதினோரு வருடமாக நானும் அதைத்தான் செய்கிறேன். இந்த வேலைக்கு எங்களுக்குள் பெயரெல்லாம் கிடையாது. "பழைய ஆள் ஒருவர் வந்து பேசுவார்" என்று வார்டில் நர்ஸ் சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். காயத்திலிருந்து தேறி, அடுத்து வருகிறவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற முன்னாள் படைவீரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் அவருக்குச் சரியான ஆளா என்று பாருங்கள். எனக்கு முழங்கால் மிஞ்சியது. தொடையோடு கால் போனவருக்குப் படி ஏறுவதும் நாற்காலியிலிருந்து எழுவதும் முற்றிலும் வேறு பாடம். அவரிடம் நான் என் கதையைச் சொன்னால், அவருக்கு என் முழங்கால்தான் கண்ணில் படும். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குச் சிறுநீர்க் குழாயும் படுக்கைப்புண்ணும் தெரிந்தவர் வேண்டும். புனே கிர்க்கியில் 1974இலிருந்து அப்படிக் காயம்பட்ட படைவீரர்களுக்கென்றே மறுவாழ்வு மையம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் பல வருடம் வாழ்ந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்வதை நான் ஒரு மணி நேரம் பேசினாலும் சொல்ல முடியாது. "இவருக்கு நான் பொருந்த மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்வதும் உதவிதான். பதவியையும் பாருங்கள். அதிகாரி வந்து உட்கார்ந்தால் ஜவான் படுத்தபடியே விறைப்பாகிவிடுவான்.

முதல் சந்திப்புக்கு இருபது நிமிடம் போதும். டாக்டரிடமும் நர்ஸிடமும் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். போனதும், "இப்போது பேசலாமா, இன்னொரு நாள் வரட்டுமா?" என்று கேளுங்கள். எப்போது எழுப்புவது, எப்போது கட்டுப் பிரிப்பது, எப்போது சாப்பாடு என்று எல்லாவற்றையும் யாரோ முடிவுசெய்கிற இடத்தில், அவர் கையில் விடப்படுகிற கேள்வி அது ஒன்றாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றால் முகம் கோணாமல் கிளம்புங்கள். பேசலாம் என்றால் நான் பேச்சைத் தொடங்குவதில்லை. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செயற்கைக் காலைக் கழற்றி, உறையை உரித்து, தழும்பைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுகிறேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். கேள்வி அங்கேயிருந்துதான் வரும். பெரும்பாலும் முதல் கேள்வி நடப்பதைப் பற்றி இருக்காது. "கக்கூஸ் எப்படிப் போவீர்கள்?" என்பதுதான் வரும். அதற்கு முழு பதில் சொல்லுங்கள். எங்கே பிடித்துக்கொள்வேன், எந்தக் காலை முதலில் வைப்பேன், ஆரம்பத்தில் யாரைக் கூப்பிட்டேன் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அவரை வீரன் என்று அழைக்காதீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீரன் என்று சொல்லிவிட்டால் பிறகு அவன் அழக்கூடாது, பயப்படக்கூடாது, மனைவி விட்டுப் போய்விடுவாளோ என்று கேட்கக்கூடாது. வாயை அடைத்துவிடுகிற சொல் அது. நான் "தம்பி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முதல் நாள் "நீங்கள்" என்றுதான் பேசுவேன். அவராக "அண்ணா" என்று கூப்பிடத் தொடங்கியபின்தான் "நீ".

கிளம்பும்போது அடுத்து வரும் நாளைச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போய் நில்லுங்கள். போக முடியாவிட்டால் முந்தைய நாளே போனில் சொல்லுங்கள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

இனி வலியைப் பற்றி. நம் பையன்கள் பலரும் ஊரைவிட்டு வெகுதூரத்தில், இந்தி பேசுகிற வார்டில் கிடக்கிறார்கள். டாக்டர் 'தர்த்', அதாவது வலி, இருக்கிறதா என்று கேட்பார். இவன் 'ஹாஞ்சி' என்பான். மாத்திரை வரும். ஆனால் அந்த வலி எப்படிப்பட்டது என்று சொல்ல அவனிடம் அந்த மொழியில் சொல் இல்லை. தமிழில் கேட்டுப் பாருங்கள். குத்துகிறதா, குடைகிறதா, எரிகிறதா, சுருக்கென்று இழுக்கிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா? ஒரு தம்பி யோசித்துவிட்டு, "கட்டைவிரல் நகத்தைப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது அண்ணா. விரல்தான் இல்லையே, யாரிடம் சொல்வது?" என்றான். ஒன்றரை மாதமாக அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று. இல்லாத காலில் வலிப்பது உண்மையான வலிதான், கால் இழந்தவர்களில் மிகப் பலருக்கு வருகிறது, எனக்கும் வந்தது என்று சொன்னேன். பிறகு அவன் சொன்ன சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதி, அதன் இந்தியை அடியில் எழுதி, அவன் கையாலேயே டாக்டரிடம் கொடுக்கச் செய்தேன். வலிக்கான மருந்து எதையும் நாம் சொல்லக்கூடாது. ஆனால் கண்ணாடிப் பயிற்சி என்று ஒன்று இருப்பதைச் சொல்லலாம். இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, முழுக்காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி வைத்து அசைக்கிற பயிற்சி அது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறை. சிலருக்குப் பலன் தருகிறது. தனக்குப் பொருந்துமா என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பழைய ஆளுக்கு மட்டுமே தெரிந்த சின்ன விஷயங்கள் உண்டு. அவற்றைத்தான் நீங்கள் கொண்டுபோக வேண்டும். இரவில் தூக்கக் கலக்கத்தில் கால் இல்லாததே மறந்துபோகும். இரண்டு காலும் இருக்கிற நினைப்பில் எழுந்து அடி வைப்போம், குப்புற விழுவோம். நான் இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை தையல் பிரிந்தது. கட்டிலைவிட்டு இறங்கும் பக்கத்தில் ஊன்றுகோலைக் குறுக்கே சாத்தி வைக்கச் சொல்லுங்கள். எழும்போது கை அதில் பட்டால் நினைவு வந்துவிடும். ஊன்றுகோலின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் திருப்பிப் பாருங்கள். ஈரத் தரையில் அதுதான் உயிர். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும். ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் பிறகு செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. அம்மாக்கள் ஆசையாகத் தலையணை வைப்பார்கள். காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

புதுக் கால் வந்தபின், கழற்றியதும் தோலைப் பார்க்கப் பழக்குங்கள். அடிப்புறம் தெரியக் கைக்கண்ணாடி வேண்டும். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் கால் செய்பவரிடம் காட்ட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பது ராணுவத்தில் படித்த பாடம். இங்கே அந்தப் பாடம் புண்ணில்தான் கொண்டுபோய் விடும். இன்னொன்று, பல செயற்கைக் கால்கள் ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். கோயில் வாசலில் ஷூவைக் கழற்றினால் உடம்பு பின்னால் சாயும். ஊர்த் திருவிழாவில் எல்லோரும் பார்க்க அது எனக்கு நடந்தது. வெறுங்காலோடு நடக்கவும் சம்மணம் போடவும் ஏற்றதாக 1960களின் இறுதியில் உருவானது ஜெய்ப்பூர் கால். கிராமத்து வாழ்க்கைக்கு எது ஒத்துவரும் என்று கால் செய்யும் இடத்தில் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

நான் செய்த பெரிய தவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு பையனிடம், "ஆறே மாதம் தம்பி, நீயும் என்னைப் போல நடப்பாய்" என்றேன். அவனுக்குப் புண் ஆறாமல் இரண்டாவது முறை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ஆறு மாதம் முடிந்த அன்றைக்கு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை. என் காலெண்டரை அவன் தலைமேல் மாட்டியது நான்தான். அன்றிலிருந்து எவ்வளவு நாள் ஆகும் என்று யார் கேட்டாலும் பதில் சொல்வதில்லை. "நேற்று முடியாத எது இன்றைக்கு முடிந்தது?" என்று மட்டும் கேட்கிறேன்.

பெரியவர்களின் கதைகளைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். 1971 போரில் கண்ணிவெடியில் சிக்கி, தன் காலைத் தானே குக்ரிக் கத்தியால் வெட்டிக்கொண்டு, பின்னாளில் பட்டாலியனுக்கே தலைமை ஏற்றார் ராணுவ அதிகாரி இயான் கார்டோசோ. 1965 போரில் குண்டு பாய்ந்த ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972 பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். இரண்டும் மெய் சிலிர்க்கும் வரலாறுகள். ஆனால் புதிதாகக் காயம்பட்டவன் முதல் கதையைக் கேட்டால், "நான் அலறினேனே, நான் அவரைப் போல இல்லையே" என்றுதான் நினைக்கிறான். அதனால் நான் ஹோகாடோ சேமாவைப் பற்றிச் சொல்கிறேன், அதுவும் சில மாதம் கழித்து. 2002இல் கண்ணிவெடியில் இடது காலை இழந்த ராணுவ வீரர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வென்றார். பதக்கத்தைவிட நடுவில் உள்ள வருடங்களைத்தான் எடுத்துச் சொல்வேன். அவர் அந்தக் குண்டைக் கையில் எடுத்ததே 2016இல். காயத்துக்கும் அதற்கும் இடையே பதினான்கு வருடம். அவசரப்பட வேண்டியதில்லை என்பது அப்போது பையனுக்குப் புரிகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் தயங்கக்கூடாது. "நான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும்" என்பது போலப் பேசினாலோ, திடீரென்று சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா தம்பி?" கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். ஆமாம் என்றால் தனியே விட்டுப் போகாதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே டாக்டரிடம் சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதீர்கள். மற்ற எல்லா ரகசியத்தையும் காப்பேன், இதை மட்டும் காக்க மாட்டேன் என்று முதல் மாதத்திலேயே சொல்லி வைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போனவர் என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

வீடு திரும்புவதற்கு முன் ஒரு முறை அங்கே போய்ப் பாருங்கள். அளவுநாடா எடுத்துப் போங்கள். வாசற்படியின் உயரம், குளியலறைக் கதவின் அகலம், கைப்பிடி எங்கே பொருத்த வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிக்க லேசான பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். அது வழுக்கிக் கவிழும். கனமான ஸ்டூல் வாங்கச் சொல்லுங்கள். அம்மா ஊட்டிவிட வருவார். தடுக்க வேண்டாம். ஆனால் தண்ணீர்ச் செம்பை அவன் எழுந்து எடுக்கிற தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். மனைவி தன் மனதில் உள்ளதை நம்மிடம் சொல்ல மாட்டார். என் மனைவி கூட வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசுவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை.

ஓய்வூதியக் கணக்கு, மருத்துவக் குழு சொல்லும் ஊனத்தின் சதவீதம் ஆகியவற்றில் கருத்துச் சொல்லாதீர்கள். என் காலத்து விதி வேறு, இன்றைய விதி வேறு. எல்லாத் தாளையும் மூன்று நகல் எடுத்து வைக்கச் செய்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். அது போதும்.

உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நான் ஏற்பதில்லை. எனக்குக் கால் போன மாதத்தில் புது ஆள் யாரையும் பார்ப்பதில்லை. தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு எனக்கே உடம்பு பதறும். அந்த நாட்களில் தம்பிகளுக்கு நான் போன் செய்கிறேன், எனக்கு என் பழைய யூனிட் சுபேதார் சாப் போன் செய்கிறார்.

மெல்ல மெல்ல அவன் அழைப்புகள் குறையும். வருத்தப்படாதீர்கள், விட்டுவிடுங்கள். சிலர், "நானும் வரட்டுமா அண்ணா?" என்று கேட்பார்கள். ஒரு வருடமாவது போகட்டும் என்பேன். அப்புறம் இரண்டு மூன்று முறை கூட அழைத்துப்போவேன். முதல் தடவை பேச வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். காலைக் கழற்றி மாட்டுவதை மட்டும் அவன் செய்யட்டும்.