சாமி இருக்கிறதா என்று பார்த்தீர்களா? சி கம்பைலர் மேக்ரோவில் நடக்கும் தவறுகள்

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் 1981இலேயே கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்பிவிட்டது. கிண்டல் மட்டும் இன்னும் ஓயவில்லை. சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். தன்னைப் பற்றிச் சொல்ல அது முன்கூட்டியே வைத்திருக்கும் பெயர்கள்தான் இங்கே சொல்லும் மேக்ரோக்கள். அந்த மேக்ரோவை வைத்து கம்பைலரை எடைபோடுவதும் பல சமயம் இந்தக் கதைதான்.

என்னிடம் படிக்க வரும் காட்பாடித் தம்பி ஒருவன், #இஃப்டெஃப் __எஸ்டிடிசி__ (சி தரநிலையைப் பின்பற்றுவதாகச் சொல்லும் மேக்ரோ இருக்கிறதா என்ற கேள்வி) என்று போட்டு, அது இல்லாவிட்டால் "இது சி கம்பைலர் இல்லை" என்று எரர் கொடுக்கச் சொல்லியிருந்தான். வீட்டில் ஜிசிசி கம்பைலரில் ஓடியது. கல்லூரி லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலர். "அண்ணா, டர்போ சி, சி கம்பைலரே இல்லையாம்!" என்று போன் வந்தது. ஆன்சி (அமெரிக்கத் தரநிலை) கீவேர்டு மட்டும் போதும் என்று ஆப்ஷனில் சொன்னால்தான் டர்போ சி அந்த மேக்ரோவை வைக்கும். பழைய சன் கம்பைலர்களோ சில மோடுகளில் அதற்கு 0 மதிப்பு கொடுத்தன. அங்கே இஃப்டெஃப் ஏமாந்துபோகும். மதிப்பு 1 தானா என்று கேளுங்கள். 1 என்று வந்தாலும் அது சி99க்கு, அதாவது சி மொழியின் 1999 தரநிலைக்கு, உத்தரவாதம் இல்லை.

அதற்கு __எஸ்டிடிசி_வெர்ஷன்__ இருக்கிறது. சி90இல் இது கிடையாது. 1995 திருத்தத்துக்கு 199409, அப்புறம் சி99க்கு 199901, சி11க்கு 201112, சி17க்கு 201710, சி23க்கு 202311. இதில் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். எந்தத் தரநிலை என்று நாம் சொல்லாவிட்டால் ஜிசிசி 5 சி11ஐ எடுத்துக்கொள்ளும், 8 சி17ஐ, 15 சி23ஐ. ஆப்ஷன் எதையும் தொடாமல் கம்பைலரை மட்டும் மாற்றினாலே அந்த வரி பொய்யாகிவிடும். "இதற்குச் சமம் அல்லது மேல்" என்று கேட்டால் போதும். மேக்ரோவே இல்லாவிட்டால் #இஃப் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும்.

தண்ணி இல்லாத ஆறான பாலாற்று விஷயம் இனிமேல்தான். ஓடும்போது அளவு முடிவாகும் அரே (விஎல்ஏ) சி99இல் கட்டாயம், சி11இல் விருப்பம். அதனால் 201112 என்று சொல்லும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோவில் அது கிடையாது, அதில் தவறும் இல்லை. எண் பெரிதானால் வசதியும் கூடும் என்று நம்பினால் மணலில்தான் குடத்தை இறக்க வேண்டும். __எஸ்டிடிசி_நோ_விஎல்ஏ__ இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஒரே நிரலில் பல வேலைகளை ஒன்றாக ஓட்டும் த்ரெட்டுக்கும் அப்படியே ஒரு 'நோ' மேக்ரோ உண்டு. அது கம்பைலரோடு முடிகிற சங்கதியும் இல்லை: ஜிசிசி சி11 என்று சொன்ன பிறகும், த்ரெட்ஸ் ஹெடர் சி லைப்ரரியான கிளிப்சியின் 2.28இல், 2018இல்தான் வந்தது.

__ஜிஎன்யுசி__ இருந்தால் ஜிசிசி என்று முடிவுகட்ட வேண்டாம். கிளாங் என்ற வேறு கம்பைலரும் அதே பெயரைச் சொல்லும், அதுவும் ரொம்ப நாளாக 4.2 என்று. சந்தேகம் வந்தால் காலி கோப்பு ஒன்றை -டிஎம் -இ ஆப்ஷனோடு ஜிசிசியில் ஓட்டுங்கள். உள்ளே இருக்கும் மேக்ரோ அத்தனையும் திரையில் கொட்டும்.