சிறிய பலகையில் மாடல் ரயில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த இடத்தில் மாடல் ரயில் அமைக்க நினைப்பவர்கள் காகிதத்தில் முதலில் வரைவது ஒரு வட்டம்தான். இடத்தையும் பணத்தையும் விழுங்குவதும் அந்த வட்டம்தான். எச்.ஓ. (HO) அளவில் (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு, 1:87) தொடக்கநிலை செட்டுகளில் பரவலாக வரும் வளைவின் ஆரம் 457 மி.மீ. விட்டம் 914 மி.மீ. ஆகிறது. விளிம்பில் இருபுறமும் 5 செ.மீ. விட்டால் பலகையின் அகலம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். கையில் இருப்பது 75 செ.மீ. மேசை என்றால் வளைவை நெருக்கத்தான் தோன்றும். நெருக்காதீர்கள். ஓட்டப்போகும் வண்டிகளில் மிக நீளமானதை அளந்து, அதன் மூன்று மடங்கை ஆரமாக வையுங்கள்: 15 செ.மீ. வேகனுக்கு 45 செ.மீ., 25 செ.மீ. பயணிகள் பெட்டிக்கு 75 செ.மீ. இதைவிட மிகவும் குறைத்தால், வண்டிகளை இணைக்கும் கப்ளிங்குகள் பக்கவாட்டில் இழுத்துச் சக்கரத்தைத் தண்டவாளத்திலிருந்து கிளப்பிவிடும்.

‘என்’ (N) என்ற இன்னும் சிறிய அளவில் (1:160) 60 செ.மீ. அகலத்துக்குள் முழு வட்டமே அடங்கும். பாதி அளவு என்பதால் பாதி விலை என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். எஞ்சின் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் தூசி படிந்தாலும் அது நின்றுவிடும்.

பாலம் போட்டு ஒரு பாதையை இன்னொன்றின் மேல் கடத்தும் ஆசையும் இங்கே உதவாது. எச்.ஓ.வில் கீழே ரயில் போக மேல்பாதை குறைந்தது 75 மி.மீ. உயர வேண்டும். 100க்கு 2 என்ற ஏற்றத்தில் அதற்கு 3.75 மீட்டர் பாதை தேவை. இறங்க இன்னொரு 3.75 மீட்டர்.

ஒன்றரை மீட்டருக்குக் குறைவான பலகையில் வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசைப்படுத்தும் ஷண்டிங் யார்டுதான் சரி. பிரிட்டனின் ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நுக் அமைப்புக்கு இரண்டு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்), ஓர் எஞ்சின், எட்டு வேகன் போதும். 5, 3, 3 வேகன்கள் நிற்கும் மூன்று சைடிங்குகள் (ஒதுக்குப் பாதைகள்); எஞ்சினோடு மூன்று வேகன் நிற்க ஒரு முன்பாதை. சீட்டுக் குலுக்கி ஐந்து வேகன்களை வரிசையாகக் கோக்க வேண்டும். 6,720 வரிசைகள் வரும். ‘என்’ (N) அளவில் 8 செ.மீ. வேகன் என்றால் 40 (ஐந்து வேகன் சைடிங்) + 24 (பாயிண்டுகள்) + 34 (எஞ்சினும் மூன்று வேகனும்) என 98 செ.மீ. இங்கே பலரும் செய்யும் தவறு, முன்பாதையில் இரண்டு செ.மீ. மிச்சம் பிடிப்பது. மூன்றாவது வேகனின் கடைசிச் சக்கரம் பாயிண்டைத் தாண்டாமல் நின்றால் ஆட்டமே இல்லை. பலகையை 1.1 மீட்டராக எடுத்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் தயாரிப்பாளர்கள் தரும் முழு அளவு வரைபடத்தை அச்சிட்டு, வேகன்களை அதன்மேல் நிறுத்திப் பார்த்த பிறகே தண்டவாளம் வாங்குங்கள்.

தண்டவாளத்தில் சிக்கனம் வேண்டாம்

எஞ்சினுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டுத் தண்டவாளத்தில் மிச்சம் பிடிப்பதைப் போன்ற கெட்ட சிக்கனம் இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை. மலிவாகக் கிடைக்கும் பழைய பித்தளைத் தண்டவாளத்தில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். இரும்பு துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் (வெள்ளி இல்லாத நிக்கல் கலவை உலோகம்) வாங்குங்கள். அழுக்கை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

இணைப்புகள் மேல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் இடத்தில் சக்கரமும் தட்டும். அந்த முனையை மெல்லிய அரத்தால் லேசாகச் சரித்துவிடுங்கள். வளைவில் இரண்டு நீளத் தண்டவாளம் சேர்வதானால், நேராக இருக்கும்போதே சால்டர் செய்து பிறகு வளையுங்கள். வளைத்த பின் சேர்த்தால் இணைப்பில் முடக்கு விழும்.

மின்சாரத்துக்கு, தண்டவாள முனைகளைச் சேர்க்கும் ஜாயினரை நம்ப வேண்டாம். சில மாதங்களில் தளர்ந்து கறுத்துவிடும். ஒவ்வொரு நீளத்துக்கும் 0.5 ச.மி.மீ. ஒயர் கொடுங்கள். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைச் சுரண்டி, தண்டவாளம், ஒயர் இரண்டிலும் முதலில் ஈயம் பூசி, சூடான முனையை இரண்டு மூன்று விநாடி வைத்தால் பிடித்துக்கொள்ளும். அதற்குமேல் வைத்தால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகும். இருபுறமும் ஈரப் பஞ்சு வையுங்கள். சால்டர் நன்றாக ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸில் ரோசின் வகைதான் வேண்டும். குழாய் வேலைக்கான அமில ஃப்ளக்ஸ் உலோகத்தை அரிக்கும்.

பாயிண்டின் நடுவே, இரு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால், நாலு சக்கர எஞ்சின் மெதுவாகப் போகையில் அங்கே நின்றுவிடும். ஷண்டிங்குக்கு மின்சாரம் பாயும் வகையே நல்லது. அதில் ஒயரை நாக்குப் (பாதையை மாற்ற நகரும் தண்டவாள முனை) பக்கத்திலிருந்து கொடுங்கள். மறுபக்கச் சைடிங்குக்குத் தனி ஒயர் கொடுத்தால், நடுவிலிருந்து கிளம்பும் இரு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட வேண்டும். மறந்தால் ஷார்ட் ஆகும்.

பலகையும் ஜல்லியும்

பலகைக்கு, தொட்டால் உதிரும் வெள்ளைத் தெர்மோகோலைவிட 50 மி.மீ. எக்ஸ்ட்ரூடட் ஃபோம் உறுதியானது. கரைப்பான் கலந்த பசை இரண்டையும் கரைத்துவிடும்.

ஜல்லிக்குச் சலித்த மணல் போதும், செலவே இல்லை. ஆனால் காய்ந்த மணலுக்குள் ஒரு காந்தத்தைத் துழாவிவிட்டு எடுங்கள். காந்தத்தில் கறுப்பாகத் துகள் ஒட்டினால், அதே துகள் மோட்டார் காந்தத்திலும் ஒட்டும். எதுவும் ஒட்டாமல் வரும்வரை துழாவுங்கள். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு, ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவம் கலந்து சொட்டவிடலாம். சோப்பு இல்லாவிட்டால் பசை மணலில் இறங்காமல் உருண்டு நிற்கும். பாயிண்ட் நாக்குகளின் அருகே மட்டும் பசை வேண்டாம். அது கசிந்து நாக்கை இறுக்கிவிடும்.

அடிக்கடி தடம்புரளும் வேகன் பெரும்பாலும் எடை குறைந்தது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைப்படி எச்.ஓ. வேகனுக்கு 28 கிராமும், ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 14 கிராமும் வேண்டும். 15 செ.மீ. வேகனுக்குச் சுமார் 112 கிராம். குறையும் எடைக்கு வாஷர்களை உள்ளே தரையில் ஒட்டுங்கள். கூரையில் ஒட்டினால் கவிழும்.

பழைய எஞ்சின் வாங்கும்போது அதிவேகத்தில் ஓட்டிக் காட்டினால் மயங்காதீர்கள். நகரக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில் ஒரு மீட்டர் ஓடவிடச் சொல்லிக் காது கொடுங்கள். சக்கரம் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கக்கூடும். அதற்கு மாற்றுப் பல்சக்கரம் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.