ஹோட்டல் சமையலறையைக் காலையில் திறக்கும்போது: முதலில் கேஸ், பிறகுதான் சுவிட்ச்

அதிகாலையில் கதவைத் திறந்ததும் கை தானாக லைட் சுவிட்சுக்குப் போகும். இரவெல்லாம் கேஸ் கசிந்திருந்தால், சுவிட்சுக்குள் எழும் சின்னப் பொறியே வெடிக்கப் போதும். காற்றில் சுமார் 2 சதவீதம் எல்பிஜி கலந்தாலே தீப்பிடிக்கும். அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. வாசலிலேயே குனிந்து முகர்ந்து பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். தரையோடும் சாக்கடைக் குழியிலும் தேங்கும், நின்றபடி முகர்ந்தால் தெரியாமல் போகலாம். கேஸ் அலாரத்தையும் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்டுவது இதனால்தான்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸை வெளியேற்ற எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்களே, அது மிக ஆபத்தான பழக்கம். கதவு, ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் போக முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள்.

2. வாடை இல்லையா? அடுப்புத் திருகுகளை மூடி, சிலிண்டர் வால்வை மட்டும் திறங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பிரஷால் ரெகுலேட்டர், ஹோஸ் மாட்டிய இடங்களில் தடவுங்கள். குமிழ் ஊதிப் பெரிதானால் கசிவு. பெரும்பாலும் ரப்பர் வாஷர் காய்ந்தோ கிழிந்தோ இருக்கும். வால்வை மூடிவிட்டு மாற்றுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்கக் கூடாது. ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அன்றே புதிது.

3. இனி மின்சாரம். மின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். எம்சிபி (அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் போதாது: அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஈரக் கையோடு 230 வோல்ட்டைத் தொட்டால் 200 மில்லி ஆம்பியருக்கு மேல்கூட உடம்பில் பாயலாம். உயிர் போக அது போதும், ஆனால் 16 ஆம்பியர் எம்சிபி அசையாது.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியில் உள்ள 'டி' பட்டனை அழுத்துங்கள். ஆர்சிசிபி விழுந்து மின்சாரம் நிற்கவில்லையென்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து மாற்றுங்கள். தூக்கிவிட்டும் நிற்காமல் விழுந்தால், எல்லா பிளக்கையும் கழற்றி ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ, அதில்தான் கோளாறு. வெட் கிரைண்டர் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கியிருப்பது அடிக்கடி நடக்கும்.

பட்டன் வேலை செய்தால் எர்த் சரி என்று அர்த்தமில்லை. கிரைண்டர் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின் ஒடிந்திருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.