வீடு கட்டும்போது ஆட்களின் உயிர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பெரிய அடுக்குமாடி வேலை என்றால் பாதுகாப்பைப் பார்க்க ஒருவராவது இருப்பார். தெருவில் நடக்கும் தனி வீட்டு வேலையில் மேஸ்திரியும் வீட்டுக்காரரும்தான் எல்லாம். விபத்து நடந்தால் "ஆள் கவனமில்லாம இருந்துட்டார்" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் பல நேரம் அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே, நாம் எடுத்த ஏதோ ஒரு முடிவில் அந்த ஆபத்து ஆரம்பித்திருக்கும்.

இருப்பதிலேயே மோசமானது, புது சம்ப்பையும் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்க்கையும் நம்புவது. இன்னும் ஒரு சொட்டுக் கழிவுகூட விழவில்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைக்கிறோம். மேலே கான்கிரீட் ஸ்லாப் போட்டபின், அதைத் தாங்க அடித்த சென்ட்ரிங் பலகையும் சவுக்குக் கட்டை முட்டும் ஈரத்தோடு பல நாள் உள்ளே மூடிக் கிடக்கும். மரம் மட்க மட்க, உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் குறைந்ததை மூக்கு கண்டுபிடிக்காது. பலகை பிரிக்க இறங்குபவர் சத்தமில்லாமல் சரிவார். அவரைத் தூக்கப் பதறி இறங்குபவரும் சரிவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று உயிர் போவது இப்படித்தான்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பதைச் சோதனையாக நினைக்காதீர்கள். எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்கும். ஸ்லாப் போடும்போதே இரண்டு வாய் விடச் சொல்லுங்கள். பிரிப்பதற்கு முதல் நாளே மூடிகளைத் திறந்து, ப்ளோயர் (காற்று ஊதும் மெஷின்) குழாயை அடிவரை விட்டுக் காற்று செலுத்துங்கள். வாயு அளக்கும் கருவியில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ, வேறு வாயு தெரிந்தாலோ இறங்கவே கூடாது. இறங்குபவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும், மேலே இழுக்க ஆட்களும் வேண்டும். தண்ணீர் இறைக்க பெட்ரோல் என்ஜினை உள்ளே வைக்காதீர்கள், அதன் புகையே ஆளைக் கொல்லும். யாராவது மயங்கினால் கயிற்றால் இழுங்கள், 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். வேறு யாரும் இறங்க வேண்டாம்.

அடுத்து, ஸ்லாப்பையும் பீமையும் தாங்கும் முட்டுகளை அவசரமாகப் பிரிப்பது. வாடகை ஏறுகிறது என்று சென்ட்ரிங்காரர் அவசரப்படுவார், நாமும் தலையாட்டுவோம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் கணக்குப்படி, தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள ஸ்லாப்புக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இது ஓபிசி எனும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு. பிபிசி (போஸலோனா கலந்த சிமெண்ட்) மெதுவாக வலுப்பெறும் என்பதால், அதில் போட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் என்று இன்ஜினியரைக் கேளுங்கள்.

ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு தனி விஷயம். லிண்டலுக்கு (ஜன்னல் மேல் குறுக்கே போகும் கான்கிரீட் பட்டை) மேல் சுவர் ஏறி அதன் பாரம் அழுத்தினால்தான் அது கவிழாமல் நிற்கும். அதற்கு முன்பே முட்டுகளை உருவிவிட்டு, அதன்மேல் ஆளை நிற்கவைத்தால் ஆளோடு கீழே வரும். பிரிக்கும்போதும் வெளி நுனியிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும்.

கம்பியை மாடிக்கு ஏற்றும்போது எல்லாரும் கீழேயே பார்க்கிறார்கள். 12 மீட்டர் கம்பி ஒரு பக்கம் சாய்ந்தால் தெருவின் மின்கம்பியைத் தொட்டுவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் லைன் போனால், வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். கம்பியை வெட்டிய பிறகு ஏற்றுங்கள்.

சைட்டின் தற்காலிக மின் இணைப்பில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியென்றால், பக்கச் சுவரைச் சரிவாக வெட்டாமலோ பலகை முட்டுக் கொடுக்காமலோ ஆளை இறக்காதீர்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கவும் வேண்டாம். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன், மார்புவரை புதைந்தாலே மூச்சு விட முடியாது. சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. அதன் கொக்கியைச் சாரக் கட்டையில் மாட்டினால் சாரத்தோடு ஆளும் விழுவார், உறுதியான தூணில் மாட்ட வேண்டும்.

அப்புறம், ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, புதுப்பித்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள். சித்தாள் வேலை பார்க்கும் பெண்களையும் சேர்த்துக் கேளுங்கள்.